எம்.ஏ. பொருளியல் வகுப்புக்கு முன் கணக்கைத் தூசி தட்டுவது: கையைக் கடிக்காத வழி

மேற்படிப்பின் முதல் வாரம், நுண்ணியல் பொருளியல் வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பயன்பாட்டுச் சார்பை, அதாவது நுகர்வோரின் மனநிறைவைச் சொல்லும் கோவையை, எழுதினார். "லாக் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு டிஃபரன்சியேட் செய்யுங்கள்" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, விடையை எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நான் இளங்கலைப் பொருளியலைத் தமிழ்வழியில் படித்தவள். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை. வட்டிக் கணக்கு விரல் நுனியில் இருந்தது. தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி எல்லாம் வாயால் கேட்டால் சொல்லிவிடுவேன். அதையே சமன்பாடாக எழுதினால் கை நின்றுவிடும். அந்தப் பருவம் முழுவதும் பகலில் எம்.ஏ. பாடம், இரவில் பிளஸ் டூ கணக்கு என்று இரட்டைச் சுமை. சேர்க்கைக் கடிதம் வந்ததற்கும் வகுப்பு தொடங்கியதற்கும் இடையில் மூன்று மாதங்கள் சும்மா இருந்தேன். அந்த மூன்று மாதங்களை என்ன செய்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. இப்போது ஒவ்வொரு கோடையிலும் மேற்படிப்புக்குப் போகும் தம்பி தங்கைகள் சிலருக்கு இதையே சொல்கிறேன். ஒரு மடிக்கணினி, இல்லையென்றால் ஓரளவு பெரிய திரையுள்ள செல்பேசி, இணைய இணைப்பு, இரண்டு நீள நோட்டுகள். இவை போதும்.

முதல் நாள்: ஒரு வினாத்தாளும் ஒரு கடிகாரமும்

பெரும்பாலோர் காணொளியில் தொடங்குகிறார்கள். முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் பார்த்து, எட்டாவது பாடத்தில் களைத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை முதலில் காகிதத்தில் பார்த்துவிடுங்கள்.

ஐஐடிகள் நடத்தும் ஜாம் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வில் பொருளியல் ஒரு பாடம். 60 வினாக்கள், 100 மதிப்பெண், 3 மணி நேரம். பழைய தாள்களும் விடைகளும் தேர்வின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. நுண்ணியல், பேரியல், இந்தியப் பொருளாதாரம், புள்ளியியல், கணிதம் என்று எல்லாம் ஒரே தாளில் வருவதால் நம்மை அளந்து பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது. நீங்கள் அந்தத் தேர்வை எழுதப் போவதில்லை என்றாலும் தாளை இறக்கிக்கொள்ளுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு 3 மணி நேரம் உட்காருங்கள்.

முடித்ததும் மதிப்பெண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: 'தெரியும்', 'எங்கோ பார்த்த நினைவு', 'பார்த்ததே இல்லை'. நடுவில் இருக்கும் வகைதான் உங்கள் முதல் மாதத்து வேலை. ஒருமுறை படித்து மறந்தது, புதிதாகப் படிப்பதைவிட மிக விரைவில் திரும்பி வரும். 'பார்த்ததே இல்லை' என்ற வகையை அதன் பிறகு தொடலாம்.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முதுநிலை அளவியல் பொருளியல் படிப்புக்கான பழைய தாள்களும் இலவசம்தான். கணக்குக்கு ஒரு தாள், பொருளியலுக்கு ஒரு தாள். அவை கடினமானவை. தொடக்கத்தில் அவற்றைத் தொட்டால் பயம்தான் மிஞ்சும். கடைசி மாதத்துக்கு எடுத்து வையுங்கள்.

எவ்வளவு கணக்கு வேண்டும்

நினைப்பதைவிடக் குறைவு. பள்ளியில் நம்மை வாட்டிய முக்கோணவியல் இங்கே கிட்டத்தட்ட வேண்டியதில்லை. பகுமுறை வடிவியலில் நேர்கோட்டின் சாய்வும் வெட்டுத்துண்டும் தெரிந்தால் சரி. தொகையிடலில் வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு என்ன சொல்கிறது என்பதும், எளிய சார்புகளைத் தொகையிடுவதும் போதும்.

உண்மையில் உழைக்க வேண்டிய இடங்கள் இவை. அடுக்குக்குறியும் மடக்கையும் (லாக்) முதலில். வளர்ச்சி விகிதம், நெகிழ்ச்சி, உற்பத்திச் சார்பு எல்லாவற்றிலும் மடக்கை வரும். அடுத்து வகையிடல், குறிப்பாகச் சங்கிலி விதி. பொருளியலில் 'இறுதிநிலை' என்று எங்கே கண்டாலும் அங்கே ஒரு வகைக்கெழு இருக்கிறது. இறுதிநிலைச் செலவு என்றால் மொத்தச் செலவை உற்பத்தி அளவைப் பொறுத்து வகையிட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு பகுதி வகையிடல் (மற்ற மாறிகளை அப்படியே வைத்து ஒன்றை மட்டும் பொறுத்து வகையிடுவது), கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பெருமம். பெருக்குத் தொடரின் கூடுதல் தெரிந்திருக்க வேண்டும். வருமானத்தில் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 80 காசு செலவானால் பெருக்கி (முதலில் செலவான ஒரு ரூபாய் மொத்த வருமானத்தை எத்தனை ரூபாய் கூட்டுகிறது என்பது) ஏன் 5 ஆகிறது என்பது அந்தத் தொடர்தான். எதிர்காலத்தில் வரும் பணத்தின் இன்றைய மதிப்பும் அதே தொடர். அணிகளில் சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்ப்பது, அணிக்கோவை, அணியின் தரம் (ரேங்க்). இறுதியில் நிகழ்தகவும் புள்ளியியலும். இவற்றைத் தனியாகப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

பள்ளிப் புத்தகத்தை மீண்டும் எடுங்கள்

வெட்கப்பட எதுவும் இல்லை. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் 11, 12ஆம் வகுப்பு 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' நூல்கள் நம் வேலைக்கென்றே எழுதியவை போல இருக்கின்றன. 11ஆம் வகுப்பு நூலில் அணிகளைச் சொல்லும் இயலிலேயே உள்ளீட்டு வெளியீட்டுப் பகுப்பாய்வு வருகிறது. வகையிடலின் பயன்பாடுகள் என்ற இயலில் தேவை நெகிழ்ச்சி, இறுதிநிலைச் செலவு, பகுதி வகையிடல் எல்லாம் உண்டு. 12ஆம் வகுப்பு நூலில் தொகையிடலைக் கொண்டு நுகர்வோர் உபரி காண்கிறார்கள். சமவாய்ப்பு மாறி, நிகழ்தகவுப் பரவல், கூறெடுப்பு ஆகியவை தனித்தனி இயல்கள். இரண்டு நூல்களும் அரசின் பாடநூல் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பெரிய உதவி இருக்கிறது. இதே நூல் ஆங்கிலவழிக்கும் வெளியாகியிருக்கிறது, அதே இயல்கள், அதே கணக்குகள். இரண்டையும் இறக்கி அருகருகே திறந்து வையுங்கள். தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, அதே பக்கத்தை ஆங்கிலத்தில் படியுங்கள். ஒரு சொற்பட்டியல் தானாகவே உருவாகிவிடும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான் எழுதி வைத்த பட்டியலில் சில: வகையிடல் என்றால் டிஃபரன்சியேஷன், இறுதிநிலை என்றால் மார்ஜினல், அணிக்கோவை என்றால் டிட்டர்மினன்ட், பரவற்படி என்றால் வேரியன்ஸ், ஒட்டுறவு என்றால் கோரிலேஷன், தொடர்புப் போக்கு என்றால் ரெக்ரஷன், சமநோக்கு வளைகோடு என்றால் இன்டிஃபரன்ஸ் கர்வ். மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கியூட் நுழைவுத் தேர்வின் முதுநிலைப் பொருளியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. வகுப்பும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். பாடம் தெரிந்திருந்தும் சொல் தெரியாமல் நிற்பது மிகக் கொடுமை. அந்த இரண்டு புத்தகங்களும் அந்தக் கொடுமையைப் பெருமளவு நீக்கிவிடும்.

இதற்கு நான்கு வாரம் ஒதுக்குங்கள். எடுத்துக்காட்டுக் கணக்கை வாசித்துவிட்டுத் தலையாட்டிப் பயனில்லை. வினாவை மட்டும் நோட்டில் எழுதிப் புத்தகத்தை மூடிவிட்டுப் போடுங்கள். முட்டினால் திறந்து ஒரு வரி மட்டும் பாருங்கள், மறுபடியும் மூடுங்கள்.

காணொளிகள்: எதற்கு யார்

ஒரு கருத்து புத்தகத்தில் பிடிபடவில்லை என்றால் காணொளிக்குப் போகலாம். அதற்கும் முறை உண்டு. கான் அகாடமி முழுக்க இலவசம். சிறு சிறு துண்டுகளாக இருப்பதாலும், ஒவ்வொரு துண்டுக்கும் பயிற்சி வினாக்கள் இருப்பதாலும், குறிப்பிட்ட ஓட்டையை அடைக்க மிகவும் உதவும். சங்கிலி விதி மட்டும் வரவில்லையா, அதை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். யூடியூபில் த்ரீ ப்ளூ ஒன் பிரவுன் என்ற சேனலில் நுண்கணிதத்துக்கும் நேரியல் இயற்கணிதத்துக்கும் இரண்டு தொடர்கள் இருக்கின்றன. கணக்குப் போட அவை கற்றுத் தராது. ஆனால் வகைக்கெழு என்றால் என்ன, அணி ஒரு தளத்தை எப்படி இழுத்துச் சாய்க்கிறது என்பதைக் கண்ணால் காட்டிவிடும். கணக்குப் பயிற்சிக்கு லாமார் பல்கலைக்கழகத்தின் பால் டாக்கின்ஸ் எழுதிய இணையக் கணிதக் குறிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்சிகளும், படிப்படியான விடைகளும் உண்டு. இணைப்பு மெதுவாக இருந்தாலும் திறக்கும், ஏனென்றால் பெரும்பாலும் எழுத்துதான்.

நேரியல் இயற்கணிதத்துக்கு அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை இலவசமாக வைத்திருக்கும் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய 18.06 என்ற பாடம். 1962 முதல் 2023 வரை அங்கே கற்பித்தவர். கடினமான ஒன்றை நிதானமாக, சாக்பீஸும் பலகையுமாக விளக்குவதை அவரிடம் பார்க்க வேண்டும். முதல் பத்து வகுப்புகள் போதும். மீதியை எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் தேவைப்படும்போது பார்க்கலாம்.

நம் நாட்டுத் தளம் என்பிடெல். ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன, ஒன்றிய அரசின் ஸ்வயம் தளம் வழியாகப் பதிவு செய்துகொள்ளலாம். பாடங்கள் 4, 8, 12 வாரங்களாக, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும் பருவங்களில் வருகின்றன. பழைய பாடங்களின் காணொளிகள் எப்போதும் திறந்தே இருக்கின்றன. சில பாடங்களுக்குத் தமிழிலும் எழுத்து வடிவம் உண்டு. இதன் பெரிய பலம் வாராந்திர ஒப்படைப்பு. கெடு வைத்தால்தான் உட்காருவேன் என்பவர்களுக்கு இது சரியான இடம்.

டீக்கடைக் கணக்கு

எந்தத் தளத்தைப் பார்த்தாலும், எந்தப் புத்தகத்தைப் படித்தாலும், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பெருமம் என்ற ஒன்றைக் கையால் போட்டுப் பார்க்காமல் வகுப்புக்குப் போகாதீர்கள். முதல் ஆண்டு நுண்ணியலில் பாதி இதுதான். நுகர்வோர், நிறுவனம், சேமிப்பு எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. விடுதியில் என் அறைத்தோழி எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த விதம் இப்படி: "அக்கா, லக்ராஞ்சியன் என்ற பெயரை மறந்துவிடுங்கள். டீக்கடைக்குப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்."

கையில் 96 ரூபாய். டீ 12 ரூபாய், வடை 8 ரூபாய். டீயின் எண்ணிக்கையை 'ட' என்றும் வடையின் எண்ணிக்கையை 'வ' என்றும் வைத்துக்கொள்வோம். மனநிறைவு ட × வ என்று வைத்துக்கொள்வோம். முழுப் பணத்தையும் செலவழித்தால் 12ட + 8வ = 96. எத்தனை டீ, எத்தனை வடை வாங்கினால் மனநிறைவு உச்சத்தில் இருக்கும்?

முதலில் எளிய வழி. வரவு செலவுச் சமன்பாட்டிலிருந்து வ = 12 − 1.5ட. இதை மனநிறைவில் போட்டால் 12ட − 1.5ட². வகையிட்டுப் பூச்சியமாக்கினால் 12 − 3ட = 0. ஆக ட = 4, வ = 6. மனநிறைவு 24. இரண்டாம் வகைக்கெழு −3, எனவே இது பெருமம்தான். சந்தேகம் இருந்தால் பக்கத்து எண்களைப் போட்டுப் பாருங்கள். 3 டீ என்றால் 7.5 வடை, பெருக்கினால் 22.5. 5 டீ என்றால் 4.5 வடை, அதுவும் 22.5. நான்கில்தான் உச்சம்.

இப்போது லக்ராஞ்சியன் வழி. கட்டுப்பாட்டை லாம்டா என்ற புதிய மாறியால் பெருக்கி, மனநிறைவோடு சேர்த்து ஒரே கோவையாக எழுதுகிறோம்: ட × வ + லாம்டா × (96 − 12ட − 8வ). டீயைப் பொறுத்துப் பகுதி வகையிட்டுப் பூச்சியமாக்கினால் வ = 12 லாம்டா. வடையைப் பொறுத்து வகையிட்டால் ட = 8 லாம்டா. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வ / ட = 12 / 8. இடப்பக்கம் நம் மனம் ஒரு டீக்கு எத்தனை வடையை விட்டுக்கொடுக்கும் என்பது. வலப்பக்கம் கடைக்காரர் ஒரு டீக்கு எத்தனை வடையைக் கேட்கிறார் என்பது. இரண்டும் சமமாகும் இடத்தில் நிற்கிறோம். பாடப்புத்தகத்தில் சமநோக்கு வளைகோடு விலைக்கோட்டைத் தொடும் புள்ளி என்று படம் போட்டிருப்பார்களே, அது இதுதான். விடை மறுபடியும் 4, 6.

இனி லாம்டா. ட = 8 லாம்டா, ட = 4, ஆகவே லாம்டா அரை. இந்த அரைக்கு ஒரு பொருள் இருக்கிறது. கையில் இன்னும் ஒரு ரூபாய் கூடினால் மனநிறைவு ஏறத்தாழ அரை அளவு கூடும். நம்பாவிட்டால் 97 ரூபாயில் கணக்கை மீண்டும் போடுங்கள். மனநிறைவு 24.50 என்று வரும். நான் இதை முதன்முறை போட்டுப் பார்த்து, கடைசி எண் சரியாக வந்து விழுந்தபோது, நோட்டை மூட மனம் வரவில்லை.

இப்போது என் முதல் வாரத்து வகுப்புக்கு வாருங்கள். ஆசிரியர் ஏன் மடக்கை எடுக்கச் சொன்னார்? ட × வ என்பதன் மடக்கை, மடக்கை ட + மடக்கை வ. பெருக்கல் கூட்டலாகிவிட்டது. வகையிட்டால் 1/ட = 12 லாம்டா, 1/வ = 8 லாம்டா. வகுத்தால் அதே 12 / 8, அதே 4, 6. மடக்கை ஏறுமுகமான சார்பு என்பதால் உச்சம் இருக்கும் இடம் நகராது. ஆனால் லாம்டா இப்போது அரை அல்ல, 1/48 ஆகிவிட்டது. மனநிறைவின் எண்ணுக்குத் தனி மதிப்பு இல்லை, வரிசைக்குத்தான் மதிப்பு என்று நுண்ணியல் நூல்கள் சொல்வதன் பொருள் இந்த ஒரு கணக்கில் தெரிந்துவிடுகிறது. விலையை மாற்றுங்கள், பணத்தை மாற்றுங்கள், மனநிறைவை ட² × வ என்று மாற்றுங்கள். பத்து விதமாகப் போட்டுப் பழகுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

பொருளியலைத் தூசி தட்டுவது

கணக்கோடு சேர்த்தே இதையும் நடத்துங்கள். பொறியியலோ அறிவியலோ படித்துவிட்டுப் பொருளியலுக்கு வருபவர்கள் கோர் என்ற திட்டத்தின் இலவச இணையப் பாடநூலில் தொடங்கலாம். சமத்துவமின்மை, பருவநிலை, வேலை என்று நடப்புக் கேள்விகளிலிருந்து கோட்பாட்டுக்குப் போகிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் அடிப்படைப் பொருளியல், நுண்கணிதம், புள்ளியியல் ஆகியவற்றுக்கு முழு நூல்கள் இலவசமாக உள்ளன. எம்ஐடியின் 14.01 என்ற நுண்ணியல் பாடத்தை ஜொனதன் க்ரூபர் நடத்தியிருக்கிறார், காணொளிகள் ஓப்பன் கோர்ஸ்வேரில் இருக்கின்றன.

இளங்கலையில் பொருளியல் படித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இ-ஞான்கோஷ் இணையதளம். அங்கே எம்.ஏ. பொருளியலின் பாடப் புத்தகங்கள் அனைத்தும் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. தொலைதூரக் கல்விக்கு எழுதியவை என்பதால் ஆசிரியர் இல்லாமல் படிக்கும்படி இருக்கும். ஒவ்வொரு அலகிலும் இடையிடையே வினாக்களும் முடிவில் விடைக் குறிப்புகளும் உண்டு. பார்வைக்கு எளிமையான தாள்கள்தான், உள்ளே சரக்கு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இ-பிஜி பாடசாலா தளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

வெளிநாட்டில் பொதுக்கொள்கையோ பொருளியலோ படிக்கப் போகிறவர்கள் தங்கள் பல்கலைக்கழகம் வகுப்புக்கு முன் கணித முகாம் நடத்துகிறதா என்று விசாரியுங்கள். பல துறைகள் அதன் பாடத்திட்டத்தையும் பயிற்சித் தாள்களையும் இணையத்தில் திறந்தே வைத்திருக்கின்றன. உங்களுக்கு எது தேவை என்று அவர்களே எழுதிக் கொடுத்த பட்டியல் அது.

நிகழ்தகவும் புள்ளியியலும்

வகையிடல் மறந்திருந்தால் அது மறந்துபோனது என்று நமக்கே தெரியும். புள்ளியியலில் அப்படி இல்லை. சராசரி, திட்டவிலக்கம் தெரிந்ததால் எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும், தரவைக் கொண்டு பொருளியலைச் சோதிக்கும் பொருளாதார அளவையியல் வகுப்பில் முதல் மாதமே காலடி நழுவும். சூத்திரத்தில் எண்ணைப் போடத் தெரிந்தவர்களும் கூறின் (சாம்பிளின்) சராசரி தானே ஒரு சமவாய்ப்பு மாறி என்ற இடத்தில் தடுமாறுகிறார்கள். நீங்கள் 100 குடும்பங்களை எடுத்து ஒரு சராசரி காண்கிறீர்கள். வேறொருவர் வேறு 100 குடும்பங்களை எடுத்தால் வேறு சராசரி வரும். அந்தச் சராசரிகளின் பரவல் எப்படி இருக்கும் என்ற கேள்வியில்தான் திட்டப்பிழை, நம்பிக்கை இடைவெளி, கருதுகோள் சோதனை எல்லாம் பிறக்கின்றன. இந்த ஓர் இடத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

ஹார்வர்டின் ஜோ பிளிட்ஸ்டீன் நடத்திய நிகழ்தகவு வகுப்புகள் யூடியூபில் இலவசம். நிபந்தனை நிகழ்தகவும் எதிர்பார்ப்பு மதிப்பும் வரை பாருங்கள். எம்ஐடியில் எஸ்தர் டுஃப்ளோவும் சாரா எலிசனும் நடத்தும் சமூக அறிவியலாளருக்கான தரவுப் பகுப்பாய்வுப் பாடம் புள்ளியியலையும் மென்பொருளையும் சேர்த்தே கற்பிக்கிறது. டுஃப்ளோ 2019இல் அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரேமர் ஆகியோருடன் நோபல் பெற்றவர். அளவையியலின் சுவையை முன்கூட்டியே அறிய, 2021இல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான ஜோஷுவா ஆங்க்ரிஸ்ட் பேசும் குறும்பாடங்கள் மார்ஜினல் ரெவல்யூஷன் யுனிவர்சிட்டி தளத்தில் இருக்கின்றன.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஆர், பைத்தான் என்ற நிரல்மொழிகள் இரண்டும் இலவசம். கணினி பழையதாக இருந்தால் கூகுள் கோலாபில் உலாவிக்குள்ளேயே எழுதி ஓட்டலாம். ரிசர்வ் வங்கியின் இந்தியப் பொருளாதாரத் தரவுத்தளத்திலிருந்து ஓர் அட்டவணையை இறக்கி ஒரு வரைபடம் போடுங்கள். ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகம், காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் குடும்ப அளவிலான தரவுகளையே இலவசமாகத் தருகிறது. அதில் தமிழ்நாட்டை மட்டும் பிரித்து, பெண்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டு, வெளியான அறிக்கையின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் முறை பொருந்தாது. கூறில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் எத்தனை குடும்பங்களுக்குப் பதிலாக நிற்கிறது என்று சொல்லும் எடைகளைச் சேர்க்க வேண்டும் என்று தேடிக் கண்டுபிடிப்பீர்கள். அந்தத் தேடலில் கூறெடுப்பு பற்றித் தெரிந்துகொள்வது ஒரு பாடத்துக்குச் சமம்.

எதற்குக் காசு கொடுக்கலாம்

சேர்க்கை கிடைத்துவிட்டது என்றால் சான்றிதழுக்காக ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. உங்கள் துறை அதைப் பார்க்கப்போவதில்லை. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருந்து, இளங்கலையில் கணக்கே இல்லாதவராக இருந்தால், ஒரு சான்றிதழ் கைகொடுக்கலாம். அப்போது என்பிடெல் போதும். படிப்பது இலவசம், நேரில் எழுதும் தேர்வுக்குக் கட்டணம் 1000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பாதி. வாராந்திர ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிகிறது. ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 எடுத்தால் தேர்ச்சி. எம்ஐடியின் தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்பு தொடர்பான மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற இணையவழிப் பாடங்களில் சான்றிதழ்த் தேர்வுக் கட்டணம் விண்ணப்பிப்பவரின் வருமானத்தைப் பொறுத்து அமைகிறது. அது உழைப்பைக் கேட்கும் படிப்பு, அவசரத்துக்கு ஆகாது.

'ஏழு நாள் இலவசம்' என்று சொல்லி முதலிலேயே கார்டு எண்ணைக் கேட்கும் தளங்களில் கவனம் தேவை. என் தோழி ஒருத்தி ரத்து செய்ய மறந்து, இரண்டு மாதக் கட்டணத்தை இழந்தாள். பெரிய தளங்கள் பலவற்றில் நிதியுதவி விண்ணப்பம் உண்டு. பொறுமையாக நான்கு வரி எழுதி அனுப்பினால் இரண்டொரு வாரத்தில் பதில் வரும். நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்று பல ஆயிரம் கேட்கும் இணைய வகுப்புகளில் பணம் கட்டுவதற்கு முன், பழைய வினாத்தாள்களை நீங்களே ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் தேவை என்று தோன்றினால் கட்டுங்கள்.

அச்சுப் புத்தகம் ஒன்றாவது வேண்டும் என்பவர்கள் கணிதப் பொருளியல் நூல்களின் பழைய பதிப்பை வாங்குங்கள். வகையிடல் பதிப்புக்குப் பதிப்பு மாறிவிடாது. சென்னையில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். வீட்டில் இடமோ அமைதியோ இல்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

நாளும் பொழுதும்

கியூட் முதுநிலைத் தேர்வு பெரும்பாலும் மார்ச் வாக்கில் முடிந்துவிடும். வகுப்புகள் ஜூலை, ஆகஸ்ட்டில். நடுவில் 12 வாரமாவது கிடைக்கும். முதல் நான்கு வாரம் பள்ளி நூல்கள். அடுத்த நான்கு வாரம் பகுதி வகையிடல், பெருமம், அணிகள், கூடவே நுண்ணியல். கடைசி நான்கு வாரம் புள்ளியியல், கூடவே பேரியலும் கொஞ்சம் மென்பொருளும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். வேலைக்குப் போகிறவர்கள் விடிகாலையில் உட்காருவது நல்லது. மாலையில் களைத்து வந்து கணக்கு நோட்டைத் திறந்தால் கண் சொருகும், அது யாருடைய குற்றமும் அல்ல.

இரண்டு மணி நேரத்தில் அரை மணிக்கு மேல் காணொளி வேண்டாம். மீதி நேரம் பேனா ஓட வேண்டும். தவறிய கணக்குகளுக்குத் தனி நோட்டுப் போட்டு, எங்கே தவறினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் தவறுகளுக்கு ஒரு முகம் தெரியும். எனக்கு அது எப்போதும் குறி மாற்றம்தான், கழித்தலைக் கூட்டலாக எழுதிவிடுவேன். அது தெரிந்த பிறகு ஒவ்வொரு கணக்கின் கடைசியிலும் குறியை மட்டும் ஒருமுறை சரிபார்ப்பேன்.

தனியாகப் படிக்க முடியாதவர்கள் இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் செல்பேசியில் பேசி, ஆளுக்கு ஒரு கணக்கை மற்றவருக்கு விளக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எது புரியவில்லை என்பது தெரிகிறது.

வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, முதல் நாள் எழுதிய அதே ஜாம் தாளை எடுங்கள். அதே 3 மணி நேரம். முடித்ததும் பழைய தாளில் 'எங்கோ பார்த்த நினைவு' என்று எழுதியிருந்தவற்றில் எத்தனை இப்போது 'தெரியும்' ஆகியிருக்கின்றன என்று எண்ணுங்கள். இன்னும் மாறாமல் இருப்பவற்றை ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். முதல் வாரம் ஆசிரியரை அவருடைய அறையில் சந்திக்கும்போது அந்தத் தாளைக் கொண்டுபோய், "இவை எனக்கு இன்னும் வரவில்லை, எதிலிருந்து தொடங்கட்டும்?" என்று கேளுங்கள்.